கணவன் இருக்குமிடமே வீடா?

தொல்காப்பிய அகத்திணையியலைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நூற்பாவில் நாம் சற்றே நின்றுவிடுவதுண்டு. ஆடவன் கடல்வழிச் செல்லுங்கால் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள்களுள் ஒன்று. உரையாசிரியர்கள் அனைவரும் அதற்கு ஒரே பொருள் கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட்டு மேலே செல்வோம். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "ஐயா, தலைவி கடல் கடந்து போய், தலைவனை அங்கே வரச் சொன்னால்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. இலக்கணத்தில் அதற்கு விடை இல்லை என்பதால் நாமும் சிரித்து வைத்தோம்.

ஆனால் அக்கேள்வி சிரிப்புக்குரியதன்று. அதையே மூன்று பெண்கள் பிரிட்டிஷ் அரசை நோக்கிக் கேட்டு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றிருக்கிறார்கள்.

பிரிட்டனில் 1969இல் காமன்வெல்த் நாட்டுக் கணவர்கள் மனைவியிடம் வந்து சேர்வது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1974இல் அது தளர்ந்தது. 1977இலும் 1980இலும் மீண்டும் இறுகியது. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி அந்நாட்டில் நிலையாகக் குடியேறிய ஆண் தன் மனைவியை வரவழைக்கலாம். அவ்வாறே குடியேறிய பெண், குடியுரிமை பெறாதவளாயின், கணவனை வரவழைக்க இயலாது. வருகின்ற ஆண் வேலை தேடுவான், வருகின்ற மனைவி அடுப்படியில் இருப்பாள், ஆகவே உள்நாட்டு வேலைவாய்ப்பைக் காக்கவே இந்த வேறுபாடு என்றது அரசு. மனைவி கணவன் இருக்குமிடம் செல்வதே இயல்பு என்ற பழைய எண்ணம் இதன் அடியில் கிடந்ததைக் காண அதிக அறிவு தேவையில்லை.

அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் கண்டோம். மணமுடிக்க வந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் உண்மையில் மணமாகாதவர்தாமா என்றறியக் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தினர். இந்தியப் பெண் என்றால் மணத்துக்கு முன் இப்படித்தான் இருப்பாள் என்ற கற்பிதம் ஓர் அதிகாரியின் கையில் சான்றாவணமாக மாறியது. செய்தி வெளியாகி இந்திய அரசு கண்டித்த பின்னரே அவ்வழக்கம் கைவிடப்பட்டது. கற்பு என்ற சொல்லை நூற்றாண்டுகளாகப் போற்றி வந்த நமக்கு இதில் வெட்கப்படவும் இடமுண்டு. அந்த அளவுகோலை அவர்கள் வானத்திலிருந்து எடுக்கவில்லை.

அப்துல்அஸீஸ், கபாலெஸ், பால்கந்தலி வழக்கில் 1985 மே 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. விதிகள் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டுகின்றன என நீதிமன்றம் ஏற்றது. இனப்பாகுபாடு என்ற வாதத்தை ஏற்கவில்லை. பெண்கள் வென்றார்கள்.

அதன் பின் நடந்ததுதான் நாம் இங்கு எழுத நேர்ந்த காரணம். அரசு அதே ஆண்டில் விதிகளைத் திருத்தியது. ஆண்களுக்கு இருந்த உரிமை பெண்களுக்கு வழங்கப்பட்டதா? இல்லை. கணவர்கள் மீதிருந்த கடுஞ்சோதனைகள் மனைவியர் மீதும் விரிக்கப்பட்டன. குடியேறுவதே இத்திருமணத்தின் முதன்மை நோக்கம் அன்று என்று மெய்ப்பிக்கும் பாரம் இருபாலார் தலையிலும் ஏறியது. 1997இல்தான் அவ்விதி நீங்கிற்று. ஒருவன் இலையில் சோறு இருக்க, மற்றவள் இலை வெறுமையாய்க் கிடக்கிறது என்று முறையிட்டால், இரண்டு இலைகளையும் எடுத்துவிட்டுச் சமத்துவம் என்பது போன்றது இது.

இன்றைய விதிகளில் ஆண், பெண் என்ற சொல்வேறுபாடு இல்லை. எழுத்தளவில் நிகர்தான். 2012இல் துணையை வரவழைப்போர்க்கு ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்டு வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரலில் அது 29,000 ஆயிற்று. குழந்தை வளர்ப்பதற்காகப் பகுதிநேர வேலைக்குச் சென்றவர் யார்? பெரும்பாலும் பெண். அவள் வீட்டில் செய்யும் உழைப்புக்கு இக்கணக்கில் ஒரு பென்னியும் இல்லை. வெளிநாட்டிலிருந்து முதன்முறை விண்ணப்பிக்கும் கணவன் வந்தபின் ஈட்டக்கூடிய வருமானமும் பொதுவிதியாகக் கணக்கில் வராது. உச்ச நீதிமன்றம் 2017இல் குழந்தைகளின் நலன் போதிய அளவு கருதப்படவில்லை எனக் குறை கண்டது. எனினும் வருமான வரம்பைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது.

பொய்த் திருமணங்களும் கட்டாயத் திருமணங்களும் உள்ளனவே, அரசு என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பெண்ணைக் காப்பதாகச் சொல்லி 2008இல் துணைவருக்கான வயது வரம்பை 18இலிருந்து 21ஆக உயர்த்தியபோது, தாமே விரும்பி மணந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணும் சிலி நாட்டு இளைஞரும் அதில் சிக்கிக்கொண்டனர். 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. வலை வீசப்பட்டது திருடனுக்காக, அகப்பட்டது காதலர்.

உண்மையில் பெண்ணைக் காக்க விரும்பும் சட்டம் வேறோரிடத்தில் தொடங்க வேண்டும். மனைவியாக வந்தவளின் தங்கும் உரிமை கணவனைச் சார்ந்திருக்கும் ஆண்டுகள் முன்பு ஒன்றாக இருந்தன, 2003இல் இரண்டாயின, 2012 முதல் ஐந்து. அடிக்கும் கணவனின் கையில் அத்தனை காலம் நாடுகடத்தல் என்ற அச்சுறுத்தலும் இருக்கிறது. வன்முறைக்கு உள்ளானவர் தனித்து விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டிருப்பது நல்லதே. ஆனால் மொழியும் உறவும் இல்லாத ஊரில், அடிபட்டதற்குச் சான்று திரட்டிக்கொண்டு வா என்பது எத்துணை பெரிய நிபந்தனை! வந்தவளின் உரிமை வந்த நாள் முதலே அவளுடையதாக இருக்குமாயின், இவ்விதிவிலக்குக்கே தேவை குறையும்.

சமத்துவம் என்பது இருவரையும் ஒரே கோலால் அளப்பது மட்டுமன்று. அந்தக் கோலை யார் உடலை, யார் உழைப்பை மனத்தில் கொண்டு செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்த மாணவிக்கு அன்று சிரிப்பையே விடையாகத் தந்தோம். இவ்வாண்டு அந்நூற்பாவை நடத்தும்போது, தலைவி கடல் கடந்தாள், தலைவனையும் அழைத்தாள், சட்டம் இன்னும் துறைமுகத்தில் நின்று அவளுடைய சம்பளச் சீட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம் என எண்ணியிருக்கிறோம்.