வால்வு என்ன குற்றம் செய்தது?

முன்பக்கம் அடிபட்ட பழைய மாருதி 800 ஒன்று டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடிந்து பட்டறையை விட்டு வெளியே வருகிறது. பார்வைக்குப் புது வண்டி மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் போவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. உடனே நம்மூரில் ஒரே தீர்ப்புதான்: "தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுடுங்க சார், சரியாயிடும்." விளக்கமும் கையோடு வரும்: "அது குளிர் நாட்டுக்காரன் வெச்சது. நம்ம வெயிலுக்கு எதுக்கு?"

இந்த நம்பிக்கை முழுத் தவறு. உண்மையான கோளாறை இது மறைத்துவிடுகிறது. அதற்கான விலையை இன்ஜின் கொடுக்கிறது.

வால்வுக்குள் இருப்பது மெழுகு. கூலன்ட்டின் சூடு 82 அல்லது 88 டிகிரியை எட்டும்போது அது உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது. எத்தனை டிகிரி என்பது பெரும்பாலும் வால்வின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் முழுசாகத் திறந்துவிடும். வெளியே வேலூர் வெயில் 42 டிகிரி அடித்தாலும், ஊட்டியில் 10 டிகிரி இருந்தாலும் இன்ஜினுக்குள் கணக்கு ஒன்றுதான். சூடான இன்ஜினில் நல்ல வால்வு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. திறந்து கிடக்கும் கதவைப் பெயர்த்தெடுத்தால் வீட்டுக்குள் கூடுதலாக எவ்வளவு காற்று வந்துவிடும்?

கழற்றினால் வரும் கேடு இரண்டு வகை. சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும்படி செய்திருப்பார்கள். அதில் வால்வை எடுத்துவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப இன்ஜினுக்குள் சுற்றும், சூடு அதிகமாகும். மற்ற இன்ஜின்களில் சூடு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. முழுசாக எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். மைலேஜ் குறையும், ரிங் தேயும்.

பிறகு ஏன் ஊரே இதை நம்புகிறது? கழற்றிய அன்று முள் இறங்குவதைப் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். காரணம் எளிது. முன்பக்க வேலையில் ரேடியேட்டரைக் கழற்றி மாட்டித் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். பட்டறையில் ஏர்லாக் என்பார்கள். வால்வை எடுக்க அதன் ஹவுசிங்கைத் திறந்ததும், உயரமான இடத்தில் அடைந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது. சரியானது ஏர்லாக், பெயர் கிடைத்தது வால்வைக் கழற்றியதற்கு. ஏர்லாக் இல்லாத வண்டியிலும், வால்வு போனபின் இன்ஜின் சூடேற நேரம் பிடிப்பதால் தெருமுனை வரையிலான ட்ரயலில் முள் கீழேயே இருக்கும். வண்டிக்காரர் திருப்தியோடு காசைக் கொடுத்துவிட்டுப் போவார். கோளாறு அப்படியே இருக்கும்.

வால்வே பழுதாகாது என்று நான் சொல்லவில்லை. மூடியபடியே இறுகிப்போகும் வால்வு உண்டு. நடுவழியில் அப்படி ஆனால் கழற்றிவிட்டு வீடு வந்து சேரலாம்; சேர்ந்ததும் புதியது போட வேண்டும். சில நூறு ரூபாய்தான். சந்தேகம் இருந்தால் வால்வை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிக்கும்போதும் திறக்கவில்லையென்றால் அது குற்றவாளி. திறந்தால் அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

எங்கே தேடுவது? அடி விழுந்த இடத்தில், கை பட்ட இடத்தில். முதலில் ஒரு கேள்வி: வண்டி எப்போது சூடாகிறது? திண்டிவனம் சாலையில் ஒழுங்காக ஓடிவிட்டு, பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது முள் ஏறினால் காற்றோட்டத்தைச் சந்தேகப்படுங்கள். வேகமாகப் போகும்போது ஏறினால் அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று போக வேண்டும்.

காற்றோட்டம் என்றால் ஃபேன். விபத்தில் நொறுங்கிய ஃபேன் ஒயர் ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஒயர்களையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவது வழக்கம். ஒயர் மாறிப்போனால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஃபேன் ஓடுகிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அதுவோ காற்றை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் ஒயரை மாற்றுங்கள். அடுத்து எர்த் ஒயர். புது பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தால் கரன்ட் சரியாகப் போகாது, ஃபேன் சோம்பிச் சுற்றும். உடைந்துபோன ஃபேன் கவரைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

மூடியையும் பாருங்கள். பல கார்களில் ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. அடிபட்டதில் ரேடியேட்டரின் கழுத்து லேசாக நெளிந்திருந்தாலும் அழுத்தம் நிற்காமல் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: அடிபட்ட அன்று, ரேடியேட்டர் ஒழுகியபடியே வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனீர்களா? அப்படியானால் அன்றே சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கலாம். தண்ணீரில் குமிழி வருகிறதா, ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் ஓட்டி அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று நம் கார் காப்பீட்டு பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. சாதாரண பாலிசியில் 10 ஆண்டு தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலை தேய்மானமாகக் கழியும். அந்தப் பாதிக்குக் கைக்காசு போடத் தயங்கி, மெல்லிய கோர் உள்ள மலிவு ரேடியேட்டரைப் போட்டுவிட்டு, அதன் பழியையும் வால்வின் மேல் போடுகிறோம்.

மெக்கானிக் நண்பர்களே, ஃபேன், எர்த், மூடி, ஏர்லாக் ஆகிய நான்கையும் பார்க்காமல் வால்வின் மேல் ஸ்பேனர் வைக்காதீர்கள். வண்டிக்காரர்களே, கழற்றச் சொல்பவரிடம் "எதைச் சோதித்துவிட்டுச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்.