முட்டிவலிக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும்

"ஜவ்வு தேஞ்சுபோச்சு, இனி நடக்காதீங்க." சேலம் கொலுசுப் பட்டறையில் காலமெல்லாம் சம்மணமிட்டு உட்கார்ந்து பற்றவைத்த என் பெரியம்மாவைக் கட்டிலில் போட்டது யாரோ சொன்ன இந்த ஒரு பேச்சுதான். நடக்காமல் கிடந்ததில் தொடைத்தசை வற்றி, வலி கூடியது.

மாத்திரைச் சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும். சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துவது. படி ஏறும்போது வலியில்லாத கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே. இதையெல்லாம் செய்துகாட்டக் கால் மணி நேரம் வேண்டும். அந்தக் கால் மணி நேரம்தான் வைத்தியம் என்பேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறையும் என்பதைப் பெரியம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம், இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் முடங்குவதற்கு முன்பே பட்டறைக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் சேகோ ஆலைக்கும் போய்ச் சொல்லித்தர வேண்டும். தாரமங்கலம், ராசிபுரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், சர்க்கரை மாத்திரைக்குக் கூட்டம் சேரும் நாளிலேயே முட்டிப் பயிற்சியும் நடக்கட்டும்.