மணிமுத்தாற்றுக்கு எந்த கேமரா?

"அண்ணே, லேண்ட்ஸ்கேப் எடுக்கணும். புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு எந்த கேமரா நல்லாருக்கும்?" ஊர்ப்பக்கத்துத் தம்பிகளில் வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு வழக்கமாகக் கிடைக்கிற பதில்கள் இரண்டுமே எனக்கு எரிச்சலைத் தருபவை.

முதல் பதில் கடையிலிருந்தும் யூடியூபிலிருந்தும் வருகிறது. ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் வாங்கு, கூடவே ஒரு அல்ட்ரா வைடு லென்ஸ், ட்ரோன் இருந்தால் இன்னும் விசேஷம். எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்தை எளிதாகத் தாண்டும். கையில் இல்லையா, இஎம்ஐ இருக்கிறது. இரண்டாவது பதில் ஞானிகளுடையது. "கேமராவா முக்கியம்? கண்ணுதான் முக்கியம் தம்பி." இப்படிச் சொல்கிறவரின் தோள்பையைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒரு புல்லட்டின் விலை இருக்கும்.

ஞானியிலிருந்தே தொடங்குவோம். கேமரா முக்கியம்தான், அதுவும் மணிமுத்தாற்றில் ரொம்பவே முக்கியம். அணைக்கரையில் நின்றால் மலை மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து மலை முழுக்க வெளிச்சம் பூசும், அப்போது போன் போதும். சாயங்காலம் கதை மாறிவிடும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க, வானம் எரிந்துகொண்டிருக்கும், மலை இருட்டிவிடும், இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வந்தாக வேண்டும். போன் என்ன செய்கிறது? நாலைந்து படங்களை அதுவாகவே ஒட்டி, மலையைத் தூக்கி, வானத்தை அமுக்கி, யாரும் எங்கும் பார்த்திராத ஒரு சாயங்காலத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது. எது இருட்டாக இருக்கலாம் என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டிய இடத்தில், எங்கோ ஒரு அலுவலகத்தில் என்னைப் போன்ற ஒரு மென்பொருள்காரன் முடிவெடுத்துவிட்டான். சாதா ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. வானம் வெளுத்துப் போகாதபடி கொஞ்சம் இருட்டாக எடுத்துவந்து, பிறகு நிதானமாக உட்கார்ந்து மலையை எவ்வளவு வெளியே கொண்டுவருவது என்று தீர்மானிக்கும் வசதி அந்தப் படிகளில்தான் இருக்கிறது. கண் மட்டும் இருந்தால் இது நடக்காது.

சரி, அதற்கு இரண்டு லட்சம் வேண்டுமா? வேண்டாம். நிக்கான் டி5300 வந்தது 2013-இல், கேனான் 200டி வந்தது 2017-இல். இரண்டும் 24 மெகாபிக்சல். படம் 6000-க்கு 4000 பிக்சல், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 20-க்கு 13 அங்குலம். வீட்டுச் சுவரில் இதைவிடப் பெரிதாக எத்தனை படம் மாட்டப்போகிறீர்கள்? இன்ஸ்டாகிராமுக்கு ஆயிரத்துச் சொச்சம் பிக்சல் அகலம் போதும். 4கே டிவியில் மொத்தமே 83 லட்சம் பிக்சல்தான், இந்தப் படத்திலோ 2 கோடியே 40 லட்சம். சென்சார் பெரிதானால் இரவிலும் ஓடும் விலங்கிலும் பலன் உண்டு. மலை ஓடாது. முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ஷட்டர் அரை செகண்ட் என்று எடுக்கும்போது பழைய சென்சாருக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

ஆகவே என் பதில் இது. 24 மெகாபிக்சல் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை 18-55 கிட் லென்ஸோடு செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். 30,000 ரூபாய்க்குள் தேடினால் கிடைக்கும். வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். எஃப்/16-இல் வெறும் வானத்தை எடுத்து, சென்சாரில் அழுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். முக்காலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அணைமேல் அடிக்கும் காற்றுக்குப் பிளாஸ்டிக் முக்காலி தலையாட்டும். மீதிப் பணத்தில் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். மழைக்காலத்தில் மலையடிவாரத்தில் பூஞ்சை பிடிக்காத லென்ஸ், கவனிப்பாரால் மட்டுமே பிழைக்கிறது.

அல்ட்ரா வைடு? முதல் வருடம் கிட்டவே சேர்க்காதீர்கள். அணைக்கரையிலிருந்து 10 மி.மீ.-இல் எடுத்துப் பாருங்கள், அவ்வளவு பெரிய மலை அடுப்படியில் உதிர்ந்த உளுந்து மாதிரி ஆகிவிடும். அந்த லென்ஸ் கேட்பது முன்னால் கிடக்கும் பாறையை, புல்லை, நிற்கும் ஆளை. அவற்றை நெருங்கத் தெரியாதவனுக்கு அது வெறும் வானத்தையும் வெறும் தண்ணீரையும்தான் கொடுக்கும். அதே இடத்தில் கிட் லென்ஸை 55-க்குத் திருப்புங்கள், மலை எழுந்து நிற்கும்.

ஞானிகள் இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை இழுப்பார்கள். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இந்தியக் காட்டுயிர் எழுத்திலும் ஒளிப்படத்திலும் முன்னோடி. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிய கருவியால் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருந்தார். "பாத்தியா, ஓட்டை கேமராவுலயே எடுத்திருக்காரு" என்பார்கள். கதையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த மனிதரால்தான் கேமராவைத் தானே கோத்துக்கொள்ள முடியும். மென்பொருளிலும் இதே பாடம்தான். தேவையை எழுதாமல் கருவியைத் தேர்ந்தெடுத்த ப்ராஜெக்ட் எப்படிப் போகும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணன் தேவையிலிருந்து கருவிக்கு வந்தார். நாம் கருவியை வாங்கிவிட்டுத் தேவையைத் தேடுகிறோம்.

அப்படித் தேடும்போது கண்ணில் படுவது அடுத்தவன் எடுத்த படம்தான். அதையே திரும்ப எடுக்கிறோம். மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று தேடிப் பாருங்கள். பனிமூட்டம், தேயிலை, வளைந்து போகும் பாதை, கண்ணாடி மாதிரி அணைத்தண்ணீர். ஆயிரம் படம் இருந்தாலும் ஒரே படம்தான். அதில் ஆள் இல்லை. கீழே 'மனிதன் தொடாத சொர்க்கம்' என்று ஒரு வரி.

மனிதன் தொடாததா? அந்தக் கண்ணாடித் தண்ணீரே காமராஜர் காலத்தில் கட்டிய, 118 அடி தேக்கும் அணையினுடையது. அதன் கால்வாய் நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட குளங்கள் வரை போகிறது. மேலே தெரியும் பச்சை, 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா நிறுவனம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரில் இருக்கிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தேயிலைச் செடி தானாக இடுப்பளவில் நிற்காது. நாலு தலைமுறை கைகள் கிள்ளிக் கிள்ளி நிறுத்திய உயரம் அது. அந்தக் கைகளுக்குக் கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களுக்கு விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக்கினார். நாம் சாயங்கால வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதும் அந்த நதிக்குப் போய்ச் சேரும் தண்ணீரின் கரையில்தான்.

ஆளில்லாத நிலக்காட்சி என்பது இந்தக் கலையின் பழைய வியாதி. ஆன்செல் ஆடம்ஸின் யோசெமிட்டி படங்களைப் பார்த்துத்தான் உலகமே நிலக்காட்சி எடுக்கப் பழகியது. அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851-இல் ஆயுதப் படை புகுந்து விரட்டியது. படங்களின் அமைதிக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது. ஆனால் அதே ஆடம்ஸ் 1943-இல், ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்திருந்த மன்சனார் முகாமுக்குப் போய், மலையடிவாரத்தில் அவர்கள் பயிரிடுவதையும் பள்ளிக்குப் போவதையும் முகங்களையும் எடுத்தார். மலையும் மனிதரும் ஒரே ஆளின் கேமராவுக்குள் வர முடிந்தது.

"நான் கலைக்காகத்தானே எடுக்கேன், அரசியல் எதுக்கு?" என்று கேட்கலாம். எடுக்கும்போது ஓர் ஓரத்தில் லயன் வீடு வந்துவிட்டால், இரண்டடி நகர்ந்து அதை வெளியே தள்ளுகிறீர்களே, அதற்கு என்ன பெயர்? மின்கம்பியை ஃபோட்டோஷாப்பில் அழிக்கிறோம். தலையில் சாக்கு போட்டுக்கொண்டு போகும் அக்கா சட்டகத்தைத் தாண்டும்வரை காத்திருக்கிறோம். இதெல்லாம் முடிவுகள்தான், கலை முடிவாகவே இருக்கட்டும். எடுத்தவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவுதான்.

காடு காடாகத் திரும்புவதற்கு நான் எதிரி இல்லை. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், தாமிரபரணிக்கு அந்தக் காடு வேண்டும். 99 வருடக் குத்தகையின் கணக்கு 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல், நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்துத் தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இனிமேல் செடி இடுப்பைத் தாண்டி வளரும், லயன் வீடுகளின் ஓடு சரியும். பிறகு வருகிற ஒருவன் உங்கள் படங்களைத் தேடி எடுத்து, "இங்கே யாருமே இருந்ததில்லை" என்று சொன்னால் மறுப்பதற்கு என்ன மிச்சமிருக்கும்? பனிமூட்டம் சாட்சி சொல்லாது.

இதனால்தான் இரண்டு லட்சத்துக்காகக் காத்திருக்காதீர்கள் என்கிறேன். இருபத்து நாலு மாதத் தவணை கட்டி முடிக்கும்போது எடுக்க வேண்டியது பாதி போயிருக்கும். 30,000 ரூபாய் கேமரா இந்த மாதமே கைக்கு வரும். மேலே போக வனத்துறை அனுமதி வேண்டும், கிடைத்தால் போங்கள். காப்பகத்துக்குள் ட்ரோனை மறந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் அணைக்கரை இருக்கிறது, கால்வாய் இருக்கிறது, கீழே இறங்கி வந்தவர்களின் தெருக்கள் இருக்கின்றன. ஒரே இடத்துக்குப் பன்னிரண்டு மாதமும் போங்கள். ஜூலையில் உச்சியில் மேகம் குவிந்திருக்க, கீழே காற்று மட்டும் ஆளைத் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் அணை ஏறும். ஆட்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஒரு வருடம் கழித்தும் "இந்த கேமரா பத்தலண்ணே" என்று தோன்றினால் வாருங்கள். எது பத்தவில்லை என்று அப்போது உங்களுக்கே சொல்லத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தவன் எந்தக் கடைக்கும் தைரியமாகப் போகலாம்.