விளையாட்டுக் கணினிக்கு உறுப்புத் தெரிதல்

கணினியில் விளையாட விழையும் மாணாக்கர் பலர், கடைக்குச் செல்லுமுன்னரே கிராபிக்ஸ் கார்டின் பெயரை நெட்டுருச் செய்து வைத்திருக்கின்றனர். பவர் சப்ளை யாது வாங்குவீர் என்று வினவினாலோ விழிக்கின்றனர். இம்முறை தலைகீழானது என்பது எம் கருத்து. கடற்கரையூரார்க்கு அது பெருங்கேடும் விளைப்பதாம்.

திருப்பாலைவனத்தை அடுத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பமொன்றிலிருந்து வந்து எம்மொடு பயிலும் தோழரொருவர், சென்ற ஆண்டு ரூ. 70,000க்குக் கணினியொன்று அமைத்தார். தாயார் மகளிர் குழுவிற் பெற்ற கடனும், தந்தையார் இறால் விற்றுச் சேர்த்து வைத்த தொகையும் கூடிய பணம் அது. பொன்னேரியில் ரயிலேறிச் சென்னை சென்று, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கினார். யாமும் உடன் சென்றோம். ஆதலின் பழியில் எமக்கும் பங்குண்டு. (தமிழ் மாணாக்கராகிய யாம் 'தாய்ப்பலகை' எங்குக் கிடைக்கும் என்று கேட்க, ஒருவர் மரக்கடைக்கு வழி காட்டினார். மதர்போர்டு என்ற பின்னரே தெரு எமக்குத் திறந்தது.)

பணத்திற் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கும், வண்ண விளக்கொளிரும் கண்ணாடிக் கேபினட்டுக்கும் போயிற்று. பவர் சப்ளைக்கு எஞ்சியது சொற்பமே. பெயர் கேட்டறியாத பெட்டியொன்றை வாங்கினோம். ஐப்பசி மழையில், மின்சாரம் போய்த் திரும்பிய ஓரிரவு, அப்பெட்டி புகைந்தது. மதர்போர்டையும் கார்டையும் உடன்கொண்டு மாண்டது. கடன் தவணை மட்டும் மாளவில்லை. செய்தி கேட்ட தோழரின் தந்தையார், "எஞ்சினை நல்லதாக வாங்கி, எண்ணெயை மட்டமாக ஊற்றினீர்களோ தம்பி?" என்றார். யாம் தலைகவிழ்ந்தோம்.

பவர் சப்ளையின் தொழில்தான் யாது? சுவரினின்று வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை, கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருவதே. நல்ல பெட்டியாயின், மின்னழுத்தம் அளவு கடந்தாலும் உள்ளே குறுக்குச் சுற்று நேர்ந்தாலும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மலிவுப் பெட்டியில் இக்காவல் உறுப்புகள் பல விடுபட்டிருக்கும். '80 பிளஸ் பிரான்ஸ்' என்னும் முத்திரையைக் கண்டதும் மனநிறைவு கொள்வாரும் உளர். அம்முத்திரை பாதிச் சுமையில் 85 சதவீதத் திறனுண்டு என்பதற்குச் சான்று, காவலுக்குச் சான்றன்று. எனவே காவல்கள் யாவை, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று தனியே கேட்டறிதல் வேண்டும். வாட் எண்ணின் பெருமையிலும் மயங்கலாகாது. 2023இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். 2022இல் வந்த ரைசன் 5 5600 பிராசசருக்கு 65 வாட். பிற உறுப்புகளைச் சேர்த்தாலும் செம்மையான 550 வாட் பெட்டி தாராளமாகப் போதும். பெயரற்ற பெட்டியின்மேல் ஒட்டிய 800 என்னும் எண்ணோ வெறும் காகிதமாக இருத்தல் கூடும்.

கரையூரில் மின்சாரத்தோடு உப்புக்காற்றும் பகையாம். காற்றில் வரும் உப்பு பலகைமேற் படிந்து, ஈரத்தை ஈர்த்து, செம்பை அரிக்கிறது. ஈரமுற்ற உப்புப் படலம் மின்சாரத்தையும் கடத்தும். இதற்கஞ்சியே கப்பற் கருவிகளின் பலகைகளுக்குக் காப்புப் பூச்சு இடுகின்றனர். நம் வீட்டுக் கணினிக்கு அத்துணை வேண்டா. கழற்றிக் கழுவத்தக்க வடிதிரையுள்ள கேபினட்டும், கடற்காற்று நேரே வாராத உள்ளறையும் போதும். கணினியை வாரக்கணக்கில் மூடி வைத்தலினும் நாடோறும் சிறிது நேரம் இயக்குதல் நன்று. அச்சூடு ஈரத்தை விலக்கும். மூன்று முனைச் செருகியின் எர்த் முனையை வெட்டியெறியும் வழக்கத்தை இன்றே கைவிடுக.

இனிக் கார்டுக்கு வருவோம். ஏரியில் இறாலுக்கொரு வலை, மடவைக்கொரு வலை. மீனை எண்ணியே வலைக்கண்ணின் அளவைத் தெரிவர். அதுபோலத் திரையை முதலில் தெரிந்து, அதற்கேற்பக் கார்டைத் தெரிதல் வேண்டும். 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 2560க்கு 1440 திரையில் 36,86,400. முன்னதற்கு 8 ஜிபி நினைவகமுள்ள நடுத்தரக் கார்டு பெரும்பாலும் ஈடுகொடுக்கும். பின்னதை வாங்குவார் ஒவ்வொரு சட்டத்துக்கும் முக்கால் பங்குக்கு மேற்பட்ட அதிக வேலையைக் கார்டின்மேல் ஏற்றுகின்றனர். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் கார்டுகளைக் கொண்டு தோண்டும் முறையைக் கைவிட்ட பின்னர், தோண்டிக் களைத்த கார்டுகள் பழம்பொருட் சந்தையில் குவிந்தன. அத்தகையவற்றை உத்தரவாதமின்றி வாங்குதல் உப்பங்காற்றூரார்க்கு ஏற்றதன்று.

ராம் வாங்குவார் 16 ஜிபி ஒற்றைப் பட்டையினும் 8 ஜிபிப் பட்டைகள் இரண்டு கொள்க. இருவழியாகத் தரவு செல்லும். 2025இன் இறுதித் திங்கள்களில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால் ராம் விலை உலகெங்கும் ஏறியது. அவ்வேற்றத்தைக் காட்டிப் பவர் சப்ளையிற் குறைக்கச் சொல்வாரை நம்பற்க. குறைக்க வேண்டின் வண்ண விளக்கைக் குறைக்க.

மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுக் கணினி எதற்கு என்பாரும் எம் விடுதியிலேயே உளர். செல்வர் வீட்டுப் பிள்ளையை அவர் அவ்வாறு வினவக் கேட்டிலோம். பகலெல்லாம் வலையிழுத்த தமையன் இரவில் ஒரு நாழிகை விளையாடுவதும், தங்கை அதே கணினியில் படம் வரையப் பயில்வதும் எவ்வாற்றானும் இகழத்தக்கன அல்ல. கடனில் வாங்கும் வீட்டுக்கு இரண்டாம் முறை வாங்கப் பணமில்லை என்பதே யாம் கவலும் செய்தி.

தோழர் இப்போது மறுபடி அமைத்து வருகின்றார். தப்பிப் பிழைத்த ராமையும் எஸ்.எஸ்.டி.யையும் வைத்துக்கொண்டார். ஐந்தாண்டு உத்தரவாதமுள்ள பவர் சப்ளை முதலில் வந்தது, அடுத்து யூ.பி.எஸ்.; அதன்பின் மதர்போர்டும், தன்னுள்ளேயே கிராபிக்ஸ் அமைந்த ரைசன் 5 5600ஜி பிராசசரும். எளிய விளையாட்டுகள் அதிலேயே ஓடுகின்றன. பின்னர்க் கார்டு பொருத்துங்கால் இப்பிராசசரால் அதன் வேகம் சிறிது குறையக்கூடும். அதனை அறிந்தே தெரிந்தோம். கார்டுக்குரிய இடம் இன்னும் வெறுமையாக உள்ளது. அடுத்த இறாற் பருவம் கழிந்தபின் ரிச்சி தெருவுக்கு மீண்டும் செல்வதாகப் பேச்சு. இம்முறை தந்தையாரும் உடன் வருவாராம்.