உங்களிடம்தான் அவர் சொல்வார்



1994 ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது, அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை தாங்கியவர் கனடாவின் ஜெனரல் ரோமியோ டலேர். 5,000 வீரர்கள் கிடைத்தால் கொலைகளைத் தடுத்துவிடலாம் என்று அவர் மன்றாடினார். பாதுகாப்பு கவுன்சிலோ இருக்கிற படையையே 270 பேராகக் குறைக்கச் சொன்னது. சில நூறு வீரர்களோடு அவர் அங்கேயே நின்றார். சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள்.

நாடு திரும்பிய பிறகு, குடும்பத்தோடு கடற்கரைக்குக் காரில் போனபோது, சாலையோரம் வெட்டி அடுக்கியிருந்த மரக்கிளைகள் அவர் கண்ணுக்குப் பிணக்குவியலாகத் தெரிந்தன. தூக்கம் போனது. ஓயாத வேலையில் தன்னை மறக்கப் பார்த்தார், பிறகு மது. 2000-ல் உடல்நலக் காரணத்தால் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டில், மதுவும் மருந்தும் கலந்த மயக்கத்தில் பூங்கா பெஞ்சடியில் கிடந்தார்.

இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை. ஒரு ஜெனரலே வெளிப்படையாகச் சொன்னதும் சிப்பாய்களுக்கும் வாய் திறக்கத் தைரியம் வந்தது. ருவாண்டாவில் பணியாற்றி அதே பாதிப்புக்கு ஆளான இன்னொரு அதிகாரி ஸ்டெஃபான் கிரெனியே. அவருடைய முயற்சியால் 2001-ல் கனடாவில் ஓர் ஏற்பாடு வந்தது. அந்த வேதனையைக் கடந்துவந்த முன்னாள் வீரருக்குப் பயிற்சி கொடுத்து, துவண்டு கிடப்பவருக்குத் துணையாக அனுப்பினார்கள். காபிக் கடையில் எதிரே உட்கார்ந்து காதுகொடுப்பதும், டாக்டரிடம் போகச் சம்மதிக்க வைப்பதும் துணையாக வந்தவரின் வேலை. குடும்பத்தாருக்கும் இப்படித் துணை கிடைத்தது. பின்னாளில் ஆப்கானிஸ்தானின் காந்தஹாரிலிருந்து திரும்பிய கனடா வீரர்களை நேரே வீட்டுக்கு அனுப்பாமல், சைப்ரஸில் சில நாள் தங்கவைத்தார்கள். நிம்மதியாகத் தூங்கவும், கூட இருந்தவர்களோடு மனம்விட்டுப் பேசவும் அந்த நாட்கள்.

மருந்தும் சிகிச்சையும் அவசியம்தான். ஆனால் அந்தக் கதவுவரை ஒருவரை அழைத்துப்போக, ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்கிற ஓர் ஆள் வேண்டும்.

அமைதிப்படைக்கு அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. காங்கோ, தெற்கு சூடான், லெபனான் என்று நம் வீரர்கள் போய்வருகிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டுக்கோ தெருவுக்கோ வந்தால், ‘எத்தனை பேரைச் சுட்டீங்க?’ என்று கேட்காதீர்கள். வெடிச்சத்தத்துக்கு அவர் திடுக்கிட்டால் சிரிக்காதீர்கள். ‘மிலிட்டரிக்காரர் அழலாமா?’ என்று வாயை அடைக்காதீர்கள். அவர் பேசத் தொடங்கினால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கேளுங்கள். ராத்தூக்கம் கெட்டு, குடி கூடி, யாரோடும் ஒட்டாமல் இருந்தால், அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ அழையுங்கள். எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

முன்னாள் ராணுவத்தினரான வாசகர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பணி முடித்து அண்மையில் ஊர் திரும்பிய தம்பி யாராவது இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். மற்றவர்களிடம் ‘நல்லா இருக்கேன்’ என்று முடித்துக்கொள்கிறவர், உங்களிடம்தான் உள்ளதைச் சொல்வார்.

அன்புடன்,
ஆசிரியர்