ஒயில் யாருக்கு உரியது?

'ஒயிலாக' என்று தொடங்கும் வாக்கியத்தை முடிக்கச் சொன்னால், நம்மில் பெரும்பாலோர் 'நடந்து வந்தாள்' என்றே முடிப்போம். தொடர்கதைகளும் திரைப்பாடல்களும் பழக்கிவிட்ட வாய்பாடு இது. மயிலோடும் குயிலோடும் எதுகை பொருந்திவிடுவதால் பாடலாசிரியர்களுக்கு இச்சொல்லின்மேல் தனிப்பிரியம்.

அகராதிகள் இதற்கு அழகு, ஒய்யாரம் என்று பொருள் தருகின்றன. இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது நம் எண்ணம். உறங்கும் குழந்தையின் முகம் அழகு. அதை ஒயில் என்பதில்லை. ஒயில் அசைவில் பிறப்பது. (கோயில் சிற்பம் ஒயிலாக நிற்கிறது என்கிறோமே எனலாம். இடை வளைந்து ஒரு கால் தளர்ந்த அந்த நிலையில் அடுத்த அசைவு தெரிவதால்தானே அப்படிச் சொல்கிறோம்?) ஒய்யாரத்திலோ, பிறர் நம்மைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். ஒய்யாரக் கொண்டைக்குள் ஈரையும் பேனையும் காட்டும் பழமொழி அந்த மினுக்கைத்தான் கேலி செய்கிறது. ஒயிலின்மேல் அக்கேலி ஒட்டாது.

இனி, இது பெண்ணுக்கே உரிய சொல்லா? ஒயிலாட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தென்மாவட்டக் கோயில் கொடைகளிலும் திருவிழாக்களிலும் ஆடப்படும் இக்கலை மரபாக ஆண்களுடையது. பெண்கள் ஆடத் தொடங்கியது பிற்காலத்தில்தான். காலில் சலங்கை, கையில் வண்ணக் கைக்குட்டை. வரிசையாக நின்று, பாட்டுக்கும் தாளத்துக்கும் ஏற்பக் குனிந்தும் நிமிர்ந்தும் திரும்பியும் ஆடுவர். இராமாயணக் கதையும் வள்ளி திருமணமும் பாட்டாக வரும். வயலில் உழைத்து உரமேறிய கைகள் கைக்குட்டையை ஒரே வீச்சில் சுழற்றி இறக்குவதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் ஒயில். அதில் நளினமும் உண்டு, மிடுக்கும் உண்டு.

இந்த மிடுக்கை நாம் கைவிட்ட இடத்தில்தான் 'ஸ்டைல்' வந்து உட்கார்ந்திருக்கிறது. ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடித்தபோது திரையரங்குகள் ஆர்ப்பரித்தன. அதைச் சொல்ல நமக்கு ஆங்கிலச் சொல்தான் வாய்த்தது. பிறமொழிச் சொற்களை விரட்டவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஸ்டைல் இருந்துவிட்டுப் போகட்டும். கையில் இருக்கும் சொல்லைப் பாதியாக நறுக்கி, ஒரு பாதியைப் பெண்ணின் இடுப்பில் செருகிவிட்டு, மறுபாதிக்குக் கடன் வாங்குவதுதான் உறுத்துகிறது.

கதை எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கதையில் ஒரு பெரியவர் ஒயிலாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கட்டும்.