கசிவது யாருடைய குழாய்?

கோடை தலைகாட்டியதும் ‘நீரைச் சேமியுங்கள்’ என்னும் உபதேசம் பெருக்கெடுக்கிறது. சொட்டும் குழாயை மாற்றுங்கள், இரட்டைப் பொத்தான் கொண்ட கழிப்பறைத் தொட்டியைப் பொருத்துங்கள் எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றில் பொய்யேதுமில்லை. விநாடிக்கு ஒரு துளி சிந்தும் குழாய் நாளொன்றுக்கு 86,400 துளிகளை வீணாக்குகிறது. பழைய தொட்டி ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர் வரை கொட்டுமிடத்தில், புதியது மூன்று அல்லது ஆறு லிட்டரில் வேலையை முடிக்கிறது. தேய்ந்துபோன வாஷரை மாற்றுவதை எந்த இடதுசாரியும் எதிர்க்கப் போவதில்லை. ஆனால், கசிவு என்பது வீட்டுக்குள் மட்டுமே நிகழ்வதுபோல் சித்திரிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

ஐதராபாத்தையே எடுத்துக்கொள்வோம். 1908ஆம் ஆண்டின் மூசி ஆற்று வெள்ளத்திற்குப் பின் உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும் கட்டப்பட்டன. நகரம் அவற்றை மீறி வளர்ந்தது. இன்று கிருஷ்ணை, கோதாவரி நீர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மின்விசையால் உயர்த்திக் கொண்டுவரப்படுகிறது. இத்தனை பாடுபட்டுக் கொணர்ந்த நீர் வீட்டு வாசலை எட்டுமுன்னரே, தெருவுக்கடியில் உள்ள பழங்குழாய்களில் ஒழுகுகிறது. கணக்கில் வராத நீரை 20 விழுக்காட்டிற்குக் கீழே கொண்டுவருவதே ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தின் இலக்கு. இலக்கே இதுவென்றால், இழப்பு எத்தகையது என்பதை வாசகர் உய்த்துணரலாம்.

2025 ஏப்ரலில் குடிநீர் வாரியம் ‘மோட்டார் இல்லாத குழாய்’ இயக்கத்தைத் தொடங்கியது. இணைப்பில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால் 5,000 ரூபாய் அபராதம், மோட்டாரும் பறிமுதல். மோட்டாருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு வீடு உறிஞ்சினால் தெருக்கோடி வீட்டின் குடம் காலியாகவே இருக்கும். உறிஞ்சும் விசையால் குழாயில் அழுத்தம் குன்றும்போது, விரிசல்களின் வழியே சாக்கடை நீர் உட்புகும். குடிநீரில் கழிவுநீர் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு 2009 மே மாதம் போலக்பூரில் பறிபோன உயிர்களே சாட்சி. ஆயினும், மோட்டார் நோயன்று; நோயின் அறிகுறி. முறைவைத்து விடப்படும் நீரும் மெலிந்த அழுத்தமுமே நோய். அறிகுறிக்கு அபராதம் விதிப்பவர்கள் நோய்க்குப் பொறுப்பேற்க வேண்டாமா?

2021 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தின்படி வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம். ஐவர் கொண்ட குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 133 லிட்டர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களுக்கு ஒன்றிய அரசு வகுத்துள்ள அளவு 135 லிட்டர். ஆகவே இது சலுகையன்று, உரிமை. இதை ஊதாரித்தனம் என ஏளனம் செய்வோர், லாரி லாரியாக நீர் வாங்கி நீச்சல் குளம் நிரப்பும் மாளிகைகளைக் கண்டும் காணாதிருக்கின்றனர். குடிசைப் பகுதியில் ஷவரும் இல்லை, குளியல் தொட்டியும் இல்லை. ஒரே குழாய், ஒரு டிரம், விடியலுக்கு முன் விழித்திருக்கும் ஒரு பெண். அவளிடம் போய்ச் சிக்கனம் போதிப்பது கொடுமை.

குழாய்களைச் செப்பனிடும் கைகளையும் இந்த உபதேசம் மறந்துவிடுகிறது. ஒடிசாவின் பட்டாமுண்டை வட்டாரத்திலிருந்து நாடெங்கும் சென்று உழைக்கும் பிளம்பர்களில் எத்தனை பேருக்கு வருங்கால வைப்பு நிதியும் காப்பீடும் உண்டு?

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. உழைக்கும் மக்களின் வீட்டுக் குழாய்களை வாரியமே தன் செலவில் பழுதுபார்க்க வேண்டும். அதற்கான பிளம்பர்களை ஒப்பந்தக்காரரின் வழியே அல்லாமல் நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். நீர்ச் சிக்கனக் கருவிகளைப் பெரும் அடுக்ககங்களுக்கும் நட்சத்திர விடுதிகளுக்கும் முதலில் கட்டாயமாக்க வேண்டும். தெருக் குழாய்களைப் புதுப்பிக்கும் பணியைத் தனியாருக்குத் தாரைவார்க்கக் கூடாது.

வீட்டுக் குழாயை நாம் இறுக மூடுவோம். தெருக் குழாயை அரசு அடைக்கட்டும்!